மீதி நாற்பது பேர்: நீடித்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் அப்லேஷன் முறைகளும்

அத்தைக்கு வயது 68. எட்டு மாதங்களாக நாடி தாறுமாறாக ஓடுகிறது. மணிக்கட்டில் விரல் வைத்தால் இரண்டு துடிப்புகள் நெருக்கமாக வரும். பிறகு ஓர் இடைவெளி. பிறகு மூன்று மெல்லிய துடிப்புகள். அடுத்ததை எதிர்பார்க்கும் இடத்தில் ஒன்றும் இருக்காது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். மாத்திரைகள் ஓரளவுக்குத்தான் உதவின. இரண்டு முறை மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். முதல் முறை மூன்று வாரம் தாங்கியது, இரண்டாம் முறை ஒன்பது நாள். கடைசியில் இதய மின்னியல் மருத்துவர், கதீட்டர் அப்லேஷன் செய்யலாம் என்றார்: மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறு பிறக்கும் இடத்தைச் சுட்டுத் தழும்பாக்கும் சிகிச்சை. "நூற்றில் அறுபது பேருக்கு ஓராண்டு வரை மறுபடியும் வராது, அம்மா" என்று அவர் சொன்னதும் அத்தை கேட்டார்: "மீதி நாற்பது பேருக்கு என்ன ஆகிறது, டாக்டர்?"

அவர் பொறுமையாகவே விளக்கினார். ஆனால் வெளியே வரிசை காத்திருக்கும்போது அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்லிவிட முடியாது. கடந்த கால் நூற்றாண்டில் இத்துறையில் நடந்த பெரிய சோதனைகளில் பெரும்பாலானவை அந்த நாற்பது பேரைத் தேடிப் போனவைதான். அவர்களை ஒரே கூட்டமாக எண்ணிக்கொண்டு எல்லோருக்கும் எல்லாவற்றையும் செய்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கணக்கு தப்பிய விதத்தைத் தெரிந்துகொண்டால், இன்று மருத்துவர் முன்வைக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காக வந்தது என்பது விளங்கும்.

ஆடுகளிலிருந்து தொடங்க வேண்டும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மௌரிட்ஸ் அலெசியின் ஆய்வுக்குழு 1995இல் ஒரு சோதனையை வெளியிட்டது. ஆடுகளின் இதய மேலறையில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். இதயம் ஒழுங்காகத் துடிக்கத் தொடங்கிய உடனே அந்தக் கருவி அதை உணர்ந்து, மறுபடியும் ஃபிப்ரிலேஷனை, அதாவது மேலறையின் நடுக்கத்தை, கிளப்பிவிடும். முதல் நாட்களில், கிளப்பிவிட்ட நடுக்கம் சில நொடிகளில் தானாகவே அடங்கியது. நாட்கள் போகப்போக அடங்க எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. சராசரியாக ஒரு வாரத்தில், 11 ஆடுகளில் 10 ஆடுகளுக்கு நடுக்கம் ஒரு நாள் முழுக்க நிற்காமல் தொடர்ந்தது. அதற்குப் பிறகு கருவியின் தூண்டுதல் தேவைப்படவில்லை. நோயே நோயை வளர்த்துக்கொண்டது.

மனித இதயத்திலும் நடப்பது இதுதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப்., என்றால் மேலறைகள் சுருங்கி விரியாமல் நடுங்குவது. நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின் அலைகள் அங்கே குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கணு அவற்றில் பலவற்றை வடிகட்டிச் சிலவற்றை மட்டும் கீழே விடுவதால்தான் உயிர் தப்புகிறது. ஏழு நாட்களுக்குள் தானாக நின்றுவிட்டால் அது வந்துபோகும் வகை. ஏழு நாட்களைத் தாண்டினால் நீடித்த வகை. ஓராண்டையும் தாண்டினால் நெடுநாள் நீடித்த வகை. நாட்களை வைத்துப் பிரித்த பெயர்கள் என்றாலும், ஒவ்வொரு கட்டத்திலும் மேலறையின் தசையே மாறிக்கொண்டிருக்கிறது. அறை விரிகிறது, தசைநார்களுக்கு நடுவே நார்த்திசு படிகிறது, மின்சாரம் அங்கங்கே தயங்கித் திரும்பிச் சுழல்கிறது. வந்துபோகும் வகைக்குப் பலன் தந்த சிகிச்சை நீடித்த வகையில் தடுமாறக் காரணம் இந்த மாற்றம்தான்.

வந்துபோகும் வகையின் ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடித்தது பிரான்சின் போர்தோ நகரம். மிஷேல் ஐசகேர் தலைமையிலான குழு 1998இல் 45 நோயாளிகளின் இதயத்துக்குள் கதீட்டரை வைத்துக்கொண்டு, நடுக்கத்தைத் தொடங்கிவைக்கும் முதல் பொறி எங்கிருந்து வருகிறது என்று காத்திருந்து பார்த்தது. 69 இடங்கள் கிடைத்தன. அவற்றில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. நுரையீரலிலிருந்து தூய இரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டுவரும் நான்கு சிரைகள் அவை. மேலறையின் தசை அந்தச் சிரைகளுக்குள் ஒரு சட்டைக் கை போலச் சில சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது. அங்கிருந்துதான் பொறி பறக்கிறது. அப்படியானால் சிரைகளின் வாயைச் சுற்றி வட்டமாகத் தழும்பு போட்டுவிட்டால் போதும், பொறி உள்ளேயே அடைபட்டுவிடும். தழும்பின் ஊடே மின்சாரம் பாயாது. இன்று உலகெங்கும் ஏ.எஃப். அப்லேஷன் என்றால் அடிப்படையில் இந்த வேலைதான். சிரைத் தனிமைப்படுத்தல் என்று சொல்லலாம்.

அந்தச் சிகிச்சையில் பார்க்கத் தக்க ஒரு கணம் உண்டு. தொடைச் சிரை வழியாக ஏறி, இரு மேலறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரைத் துளைத்து இடப்பக்கம் போன கதீட்டர் ஒன்று, சிரையின் உள்ளே இருந்தபடி அங்குள்ள மின்குறிகளைத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கூரிய சிறு முட்களாக அவை வரிசையாக ஓடும். வட்டத்தின் கடைசிப் புள்ளியில் தழும்பு விழுந்ததும் அந்த முட்கள் மறைந்து வெறும் நேர்கோடு மட்டும் மிஞ்சும். சில வேளை சிரை தன்னந்தனியாக உள்ளே துடித்துக்கொண்டிருப்பதையும், அந்தத் துடிப்பு வெளியே எட்டிப் பார்க்க முடியாமல் இருப்பதையும் அதே திரையில் காணலாம்.

வந்துபோகும் வகையினருக்கு இது நன்றாகவே பலன் தந்தது. நீடித்த வகையினரில் பலருக்குப் போதவில்லை. பொறியை அடைத்தாலும் காடு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறதே! ஆகவே மேலறையின் உடலிலும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படி நினைக்க நல்ல காரணமும் இருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ் 1987இல், மேலறையைப் பல கோடுகளாக வெட்டித் தைத்து, மின்சாரம் சுற்றிச் சுழல இடமில்லாத ஒரு வழித்தடமாக அதை மாற்றிக் காட்டியிருந்தார். மேஸ் அறுவை என்று அதற்குப் பெயர். கத்தி செய்ததைக் கதீட்டரும் செய்யலாமே என்ற ஆசை இயல்பானது.

இரண்டு வழிகள் முன்னுக்கு வந்தன. ஒன்று, கோடு போடுவது: மேலறையின் கூரையில் ஒரு கோடு, இடப்பக்கச் சிரையிலிருந்து, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வு வரை இன்னொரு கோடு. மற்றொன்று, மின்சாரம் தயங்கித் திரும்பும் இடங்களில் தெரியும் சிதறிய மின்குறிகளைத் தேடித் தேடிச் சுடுவது. லாஸ் ஏஞ்சலிஸில் பணிபுரிந்த கூன்லாவீ நதேமானி 2004இல் வெளியிட்ட ஆய்வில், 121 பேருக்குச் சிதறிய குறிகள் தெரிந்த இடங்களை மட்டும் சுட்டு, ஓராண்டில் 91 சதவீதம் பேர் நலமாக இருப்பதாகக் காட்டினார். மறு ஆண்டே போர்தோ குழு, சிரை, சிதறிய குறி, கோடு என்று படிப்படியாகச் செய்துகொண்டே போய், சிகிச்சை மேசையிலேயே நடுக்கம் நிற்கும்வரை விடாமல் சுடும் முறையை அறிவித்தது. 60 பேரில் 52 பேருக்கு மேசையிலேயே நின்றது. கண்முன்னே நடுக்கம் அடங்கி ஒழுங்கான துடிப்பு திரும்புவதைப் பார்த்த மருத்துவர்களுக்கு அதைவிட நல்ல சான்று வேண்டியிருக்கவில்லை. மணிக்கணக்கில் நீண்ட சிகிச்சைகள் பல நாடுகளுக்கும் பரவின.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேசையில் நிற்பது வேறு, வீட்டில் நிற்பது வேறு. இதே படிப்படி முறையில் சிகிச்சை பெற்ற 150 பேரைப் போர்தோ குழுவே ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்து 2015இல் கணக்கை வெளியிட்டது. ஒரே ஒரு சிகிச்சையோடு ஐந்தாண்டு முடிவில் எந்தத் துடிப்புக் கோளாறும் இல்லாமல் இருந்தவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. மறுபடியும் மறுபடியும் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் சேர்த்தால் 63 சதவீதம் ஆனது. தன் முறையின் தோல்வியைத் தானே எண்ணி வெளியிட்டார்கள் என்பதற்காகவே அந்தக் குழுவின் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

அதே 2015இல்தான் ஸ்டார் ஏ.எஃப். 2 சோதனையின் முடிவும் வந்தது. கனடாவின் அதுல் வர்மா தலைமையில் 12 நாடுகளின் 48 மையங்களில், நீடித்த ஏ.எஃப். உள்ள 589 பேரை மூன்று பிரிவாகச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சிரை வட்டம் மட்டும். இன்னொரு பிரிவுக்கு வட்டமும் சிதறிய குறிகளும். மூன்றாம் பிரிவுக்கு வட்டமும் கோடுகளும். பதினெட்டு மாதம் கழித்து ஏ.எஃப். திரும்பாதவர்கள் முதல் பிரிவில் 59 சதவீதம், இரண்டாவதில் 49, மூன்றாவதில் 46. புள்ளியியல்படி இந்த வேறுபாட்டைப் பெரிதாகக் கொள்ள முடியாது. ஆனால் கூடுதலாகச் சுட்டவர்கள் தேறியிருக்க வேண்டும் என்ற நம்பிக்கைக்கு அங்கே ஒரு துரும்பும் இல்லை. சிகிச்சைக்கு ஆன நேரம் மட்டும் கூடியிருந்தது. பத்தாண்டு உழைப்புக்கு எதிராக வந்த கணக்கு அது. அத்தையிடம் மருத்துவர் சொன்ன அறுபதும் ஏறக்குறைய இதே எண்தான்.

ஏன் இப்படி ஆயிற்று? வயல் வரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பு எவ்வளவு நீளம் என்பது முக்கியமல்ல. நடுவில் ஒரே ஒரு நண்டு வளை இருந்தாலும் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். கதீட்டர் போடும் கோடும் அப்படித்தான். முழுக் கோட்டில் ஓரிடம் மட்டும் ஆழமாகச் சுடப்படாமல் விட்டுப்போனால் மின்சாரம் அந்த இடுக்கு வழியாக மெதுவாகக் கசிந்து, கோட்டையே அச்சாக வைத்துக்கொண்டு வட்டமிடத் தொடங்கும். ஏ.எஃப். போய், ஒரே வட்டத்தில் வேகமாகச் சுழலும் மேலறை ஃப்ளட்டர் என்ற கோளாறு வந்து உட்கார்ந்துகொள்ளும். அது சில வேளை பழைய நோயைவிடத் தொல்லை தரும். மாத்திரைக்கும் எளிதில் அடங்காது. காக்ஸ் வெட்டித் தைத்தபோது இடுக்குக்கு வாய்ப்பில்லை. துடித்துக்கொண்டே இருக்கும் மெல்லிய சுவரில், உள்ளே இருந்து, ஒவ்வொரு புள்ளியாகச் சுடுபவருக்கு அந்த உறுதி கிடைப்பதில்லை. சுட்ட இடத்தில் வீக்கம் இருக்கும் வரை கோடு முழுமை போலத் தெரியும். சில வாரங்களில் வீக்கம் வற்றியதும் இடுக்கு திறந்துகொள்ளும். சிரை வட்டத்துக்கும் இது பொருந்தும். நோய் திரும்பி வந்தவர்களுக்கு இரண்டாம் முறை உள்ளே போய்ப் பார்த்தால், பலருக்குச் சிரைகளில் ஒன்றாவது மீண்டும் மேலறையோடு தொடர்பு கொண்டிருக்கும்.

ஆக, மீதி நாற்பது பேரில் ஒரு பங்கினர் வட்டம் சரியாக மூடாதவர்கள். இன்னொரு பங்கினருக்கு வட்டம் மூடியிருக்கிறது, நோய் வேறிடத்தில் இருக்கிறது. சிலருக்கு நாமே போட்ட தழும்பு புதிய சுழலை உண்டாக்கியிருக்கிறது. 2015க்குப் பிறகு வந்த முறைகளை இந்தப் பங்குகளில் எதைக் குறிவைக்கிறது என்று கேட்டுக்கொண்டே பார்த்தால் குழப்பம் குறையும்.

மேலறையின் பின்சுவர் நுரையீரல் சிரைகளோடு சேர்ந்தே கருவில் உருவானது. ஆகவே அதையும் தனிமைப்படுத்தினால் என்ன என்று ஆஸ்திரேலியாவின் பீட்டர் கிஸ்ட்லர் குழு கேட்டது. கேப்லா என்ற அந்தச் சோதனையில் 338 பேர். 2023இல் முடிவு: பின்சுவரையும் சேர்த்துச் சுட்டவர்களில் 52.4 சதவீதம், சிரை மட்டும் சுட்டவர்களில் 53.6 சதவீதம் ஓராண்டு நலமாக இருந்தார்கள். எல்லோருக்கும் வழக்கமாகப் பின்சுவரைச் சுட வேண்டிய தேவை இல்லை என்பது தெளிவாயிற்று. பின்சுவருக்கு ஒட்டினாற்போல உணவுக்குழாய் இருப்பதால் இந்த முடிவு சிறிதல்ல. சூடு உணவுக்குழாய்க்குப் பாய்ந்து இரண்டுக்கும் நடுவே புரை விழுவது இந்தச் சிகிச்சையின் மிகக் கொடிய விளைவு. 5,50,000க்கும் மேற்பட்ட சிகிச்சைகளைத் திரட்டிய ஒரு பன்னாட்டுக் கணக்கில் 138 பேருக்கு அது நேர்ந்தது. அவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவர் இறந்துபோனார்கள். அரிதுதான். ஆனால் சிகிச்சைக்குச் சில வாரம் கழித்துக் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கைகால் தளர்ச்சி எதுவானாலும் உடனே சிகிச்சை செய்த இடத்துக்கே பேச வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதை மார்ஷல் சிரையினுடையது. ஆங்கிலேய உடற்கூற்று அறிஞர் ஜான் மார்ஷல் 1850இல் விவரித்த மிகச் சிறிய சிரை இது. கருவில் இடப்பக்கம் ஒரு பெரிய சிரை உருவாகிப் பிறகு சுருங்கி மறைகிறது. அதன் மிச்சம்தான் மார்ஷல் சிரை. இதயத்தின் வெளிப்புறத்தில், இடப்பக்க நுரையீரல் சிரைக்கும் மைட்ரல் வால்வுக்கும் நடுவில் ஓடுகிறது. இங்கேதான் கோடு போடுபவர்கள் எப்போதும் தோற்றார்கள். உள்ளே எவ்வளவு சுட்டாலும் இந்தச் சிரையைச் சுற்றியுள்ள தசை வெளிப்பக்கமாக மின்சாரத்தைக் கடத்திவிடும். வரப்பின் மேலே மண்ணை எவ்வளவு கொட்டினாலும் அடியில் வளை இருப்பது போல. ஹூஸ்டன் நகரின் மிகேல் வால்டெராபானோ வேறு வழி பார்த்தார். அந்தச் சிரைக்குள்ளேயே நுண்குழாயைச் செலுத்தி, சில மில்லி லிட்டர் எத்தனாலை இறக்கினார். எத்தனால் சிரையின் கிளைகள் வழியே பரவி, சூடு எட்டாத அந்தத் தசையை உள்ளிருந்தே செயலிழக்கச் செய்கிறது. சிரைப் பாதையே கதீட்டருக்கு வழியாகவும் மருந்துக்கு வாய்க்காலாகவும் அமைந்துவிடுகிறது.

வீனஸ் என்ற சோதனையில் 343 பேரை இரு பிரிவாக்கி இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவில், எத்தனாலும் சேர்த்துப் பெற்றவர்களில் 49.2 சதவீதம், அப்லேஷன் மட்டும் பெற்றவர்களில் 38 சதவீதம் நலமாக இருந்தார்கள். அடுத்ததாகச் சீனாவில் 12 மையங்களில் 498 பேருடன் ப்ராம்ப்ட் ஏ.எஃப். சோதனை நடந்தது. சிரை வட்டத்தோடு மார்ஷல் சிரைக்கு எத்தனால், பிறகு மூன்று கோடுகள். ஓராண்டில் 70.7 சதவீதம், சிரை வட்டம் மட்டும் செய்தவர்களில் 61.5. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஒன்பது புள்ளி அல்ல. 2015இல் தோற்றது கோடு என்ற எண்ணமா, அரைகுறையாக விழுந்த கோடா என்ற கேள்விக்கு இந்தச் சோதனை ஒரு விடை சொல்கிறது. கோடு முழுமையாக அடைபட்டால் பலன் இருக்கிறது. ஆனால் எத்தனால் முறைக்குக் கைத்தேர்ச்சி வேண்டும். எல்லோருக்கும் அந்தச் சிரை வசமாகக் கிடைப்பதுமில்லை.

மற்றொரு கூட்டம் எங்கே சுடுவது என்பதைத் தழும்பே சொல்லட்டும் என்றது. மேலறைச் சுவரில் கதீட்டரை நகர்த்திக்கொண்டே போனால் நலமான தசையில் மின்னழுத்தம் நிறைவாகவும், நார்த்திசு படிந்த இடத்தில் தாழ்வாகவும் பதிவாகும். திரையில் வண்ண வரைபடமாக அது விரியும். ஜெர்மானிய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய இரேஸ் ஏ.எஃப். சோதனையில் 324 பேர். தாழ்வழுத்த இடங்கள் இருந்தால் மட்டும் அவற்றையும் சேர்த்துச் சுட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானவர்களுக்கே அப்படி இருந்தது; மற்றவர்களுக்குச் சிரையோடு நிறுத்திக்கொண்டார்கள். நோய் திரும்பியது 35 சதவீதம். ஒப்பீட்டுப் பிரிவில் 50. நான் படித்தவற்றில் மிக நிதானமான முறை இது. தேவை உள்ளவருக்கு மட்டும் செய், இல்லாதவரைத் தொடாதே.

தழும்பை வெளியிலிருந்து எம்.ஆர்.ஐ. படத்தில் பார்த்துச் சுடலாம் என்ற எண்ணம் மட்டும் ஏமாற்றியது. டெகாஃப் 2 சோதனையில் 843 பேர். நோய் திரும்பியது தழும்பையும் சுட்டவர்களில் 43 சதவீதம், சிரை மட்டும் சுட்டவர்களில் 46.1 சதவீதம்; தெளிவான வேறுபாடு இல்லை. தழும்பைத் துரத்திச் சுட்ட பிரிவில் ஆறு பேருக்குப் பக்கவாதம் வந்தது. மற்றதில் ஒருவருக்கும் வரவில்லை. கூடுதல் சூட்டுக்கு விலை உண்டு என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. இடது மேலறையின் காது போன்ற பையைத் தனிமைப்படுத்தும் முறையிலும் இந்தச் சிக்கல்தான். நெடுநாள் நீடித்த வகையினர் 173 பேரிடம் நடந்த பிலீஃப் சோதனையில் 28 சதவீதமாக இருந்த பலன் 56ஆக உயர்ந்தது. ஆனால் சுருங்காமல் போன பையில் இரத்தம் தேங்கி உறையும். வாழ்நாள் முழுக்க உறைவுத் தடுப்பு மாத்திரையோ, பையை அடைக்கும் கருவியோ வேண்டியிருக்கும்.

செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. டெய்லர்ட் ஏ.எஃப். சோதனையில் 374 பேர். ஒரு பிரிவினருக்கு, மின்குறிகள் சிதறிப் பரவும் இடங்களை மென்பொருள் சுட்டிக்காட்ட, சிரைகளோடு அங்கேயும் சுட்டார்கள். ஓராண்டில் ஏ.எஃப். இல்லாதவர்கள் 88 சதவீதம். சிரை மட்டும் சுட்டவர்களில் 70. செய்தித் தலைப்புகள் இத்தோடு நின்றன. ஃப்ளட்டர் போன்ற மற்றக் கோளாறுகளையும் சேர்த்து எண்ணியபோது, ஒரு சிகிச்சைக்குப் பின் இரு பிரிவுக்கும் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. அதாவது ஏ.எஃப். குறைந்த இடத்தைச் சிலரிடம் இன்னொரு கோளாறு பிடித்துக்கொண்டது. படபடப்போடு படிக்கட்டில் நிற்பவருக்கு அதன் பெயர் என்னவாக இருந்தால் என்ன?

இதுவரை எங்கே சுடுவது என்று பார்த்தோம். எதனால் சுடுவது என்பது தனிக் கேள்வி, மக்கள் இரண்டையும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ரேடியோ அலை புள்ளி புள்ளியாகச் சூடாக்கும். கிரையோ பலூன் சிரையின் வாயில் உப்பி, ஒரே தடவையில் வட்டமாக உறைய வைக்கும். இப்போது எல்லோரும் கேட்பது மூன்றாவதைப் பற்றி: பல்ஸ்டு ஃபீல்டு எனப்படும் மின்புலத் துடிப்பு. மிக நுண்ணிய நேரத்துக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால் தசை அணுக்களின் உறையில் துளைகள் விழுந்து அவை மடிகின்றன. இதயத் தசை இதற்கு எளிதில் வீழும். பக்கத்தில் உள்ள உணவுக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் தப்பிவிடும். 17,000க்கும் மேற்பட்டோரைத் தொகுத்த மேனிஃபெஸ்ட் 17கே ஆய்வில் உணவுக்குழாய்ப் புரை ஒருவருக்கும் நேரவில்லை. இது பெரிய விடுதலை. ஆனால் சிகிச்சைப் பலன் என்று வரும்போது, பல்ஸ்டு ஏ.எஃப். சோதனையில் ஓராண்டில் வந்துபோகும் வகையினருக்கு 66 சதவீதமும் நீடித்த வகையினருக்கு 55 சதவீதமும்தான் கிடைத்தது. கருவி மாறினாலும் நோய் மாறவில்லை. புதிய கருவிக்கென்றே புதிய எச்சரிக்கைகளும் உண்டு: சிலருக்கு இதயத் தமனி இறுகிக்கொள்கிறது, மிக அதிகமாகத் துடிப்புகள் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

நெஞ்சுக்கு வெளியிலிருந்து அறுவை மருத்துவரும் உள்ளேயிருந்து மின்னியல் மருத்துவருமாகச் சேர்ந்து செய்யும் கலப்பு முறையும் உண்டு. கன்வர்ஜ் சோதனையில் அதற்கு 67.7 சதவீதம், கதீட்டர் மட்டும் என்றால் 50. நெடுநாள் நீடித்த வகையினருக்குச் சில மையங்கள் இதைப் பரிந்துரைக்கின்றன. உடலுக்கு இது கூடுதல் சுமை.

இனி அந்த எண்களின் உள்ளே ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான சோதனைகளில், முதல் இரண்டு மூன்று மாதம் போக, எப்போதாவது 30 நொடிக்கு மேல் ஒரு தடவை ஏ.எஃப். பதிவானால் அவர் தோல்விக் கணக்கில் சேர்ந்துவிடுவார். எட்டு மாதம் இடைவிடாமல் நடுங்கிய இதயம், சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டில் ஒரே ஓர் இரவு ஒரு நிமிடம் தடுமாறினால் அதுவும் தோல்வி; ஒன்றும் மாறாமல் பழையபடியே இருந்தால் அதுவும் தோல்வி. மீதி நாற்பது பேரில் இந்த இரு வகையினரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். அதனால்தான் இப்போது தோலுக்கடியில் பதிக்கும் சிறு பதிவுக் கருவியைக் கொண்டு, மொத்த நேரத்தில் எத்தனை பங்கு ஏ.எஃப். ஓடுகிறது என்று அளக்கிறார்கள். நோயின் சுமை என்று அதைச் சொல்லலாம்.

பிரிட்டனில் ஒரு துணிச்சலான சோதனையும் நடந்தது. 126 பேரில் பாதிப் பேருக்கு உண்மையான கிரையோ அப்லேஷன். மீதிப் பேருக்கு அதுபோலவே தோன்றும் போலிச் சிகிச்சை. ஆறு மாதத்தில் நோயின் சுமை உண்மைச் சிகிச்சையில் 60 சதவீதம் குறைந்தது, போலியில் 35. வாழ்க்கைத் தரமும் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களிடம் தெளிவாக உயர்ந்தது. நோயாளி சொல்லும் நிம்மதி வெறும் நம்பிக்கையால் வந்தது என்று ஒதுக்கியவர்களுக்கு 2024இல் வந்த இந்த முடிவு பதில்.

கதீட்டருக்கு வெளியே இருக்கும் இரண்டு செய்திகளை விட்டுவிட மனமில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் பிரஷாந்தன் சாண்டர்ஸ் குழு, உடல் பருமனோடு ஏ.எஃப். இருந்த 355 பேரைத் தொடர்ந்து பார்த்தது. எடையில் 10 சதவீதம் குறைத்து அதைக் காத்தவர்கள் நோயற்று இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. அதே நாட்டில் 140 பேரிடம் நடந்த மற்றொரு சோதனையில், மதுவை விட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கும் விடாதவர்களில் 73 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. இருபது புள்ளி வேறுபாடு. மேலே சொன்ன கோடுகளிலும் குறிகளிலும் பலவற்றால் இதைக் கொடுக்க முடியவில்லை. காலத்தையும் மறக்கக் கூடாது. நடுக்கம் தொடங்கிச் சில மாதங்களில் வருபவருக்கும் நான்காண்டு கழித்து வருபவருக்கும் மேலறை ஒன்றல்ல. மாஸ்ட்ரிக்ட் ஆடுகள் அதைத்தான் காட்டின.

இந்திய வாசகருக்கு இன்னொன்றும் முக்கியம். மேற்கண்ட சோதனைகள் ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களைப் பற்றியவை அல்ல. இந்திய இதயத் துடிப்பியல் சங்கம் 24 மையங்களில் 1,537 ஏ.எஃப். நோயாளிகளைப் பதிவு செய்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு ருமாட்டிக் இதய நோய் இருந்தது. சராசரி வயது 55ஐக்கூட எட்டவில்லை. வால்வின் தடையால் மேலறை ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தில் விரிந்து போனவர்கள் அவர்கள். அவர்களுக்கு முதலில் வால்வைப் பார்க்க வேண்டும். இரத்த உறைவுத் தடுப்புக்கும் புதிய மாத்திரைகளைவிட வார்ஃபரின் போன்ற பழைய மருந்தே உயிரைக் கூடுதலாகக் காத்தது என்று 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டோரிடம் நடந்த இன்விக்டஸ் சோதனை 2022இல் காட்டியது. ஐம்பது வயதில் ருமாட்டிக் வால்வோடு வருபவரிடம் ஸ்டார் ஏ.எஃப். 2இன் அறுபதைச் சொல்வது, வேறு யாருடைய கைரேகையையோ பார்த்துப் பலன் சொல்வதாகிவிடும்.

அத்தையின் எக்கோ அறிக்கையை அன்று இரவு எடுத்துப் பார்த்தேன். மைட்ரல் வால்வு இயல்பு, இடது மேலறை சற்றே விரிந்திருக்கிறது என்று இருந்தது. மறுமுறை போனபோது அவரே கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வந்திருந்தார். சிரை மட்டுமா, வேறு எங்காவதும் சுடுவீர்களா? சுடுவதென்றால் உள்ளே என்ன பார்த்த பிறகு அதை முடிவு செய்வீர்கள்? இரண்டாம் முறை வர வேண்டியிருந்தால் எப்போது? உறைவுத் தடுப்பு மாத்திரை நிற்குமா? மருத்துவர் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னார்: துடிப்பு ஒழுங்கானாலும் அவருடைய வயதையும் இரத்த அழுத்தத்தையும் வைத்துப் பார்த்தால் மாத்திரை தொடரும். பிறகு மற்றவற்றுக்கு வந்தார். முதலில் நான்கு சிரைகளை மூடி, மூடியதைச் சரிபார்த்து, பிறகு சுவரின் மின்னழுத்தத்தை வரைந்து பார்ப்போம். சுவர் நன்றாக இருந்தால் அத்தோடு கதீட்டரை வெளியே எடுத்துவிடுவேன் என்றார். அத்தை அதைத் தாளில் எழுதிக்கொண்டார்.